யளனக வரிசையில் லினக்ஸ்: மஞ்சக்குப்பம் தட்டச்சுக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடை. நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி; யளனக என்று விரல் வைத்துத் தொடங்கும் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். இங்கே அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். உதவிக்கு ஒரு பையன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வேலை வரும். திங்கட்கிழமை மட்டும் கடைக்கு வேறு முகம். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாள் என்பதால், காலை ஏழரைக்கே மனு அடிக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அக்காவின் கணினித் திரையில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் கணினி இடம் தரவில்லை. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். கடையில் இருந்தது நான்காம் தலைமுறை ஐ3. புதுக் கணினிக்குக் கடைக்காரர் ஒருவர் 38,000 ரூபாய் சொல்லியிருந்தார். ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்து வாங்கும் வழியும் இருந்தது. ஆனால் அது 2026 அக்டோபரில் முடிந்துவிடும். "அப்போ மறுபடியும் உங்களைத்தானே தம்பி கூப்பிடணும்? இப்பவே முடிச்சிடுங்க" என்றார் அக்கா.

நான் கணினி சொல்லிக்கொடுக்கிறவன். பதினைந்து வருடமாக, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைத்தான் பயன்படுத்துகிறேன். அந்த அனுபவம் இந்த வேலைக்கு உதவியது பாதி, கெடுத்தது பாதி.

கடையில் இருந்தவை

மொத்தம் மூன்று கணினிகள். முதலாவது, மேலே சொன்ன ஐ3: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தினசரி வேலை முழுவதும் இதில்தான். இரண்டாவது, கோர் 2 டுவோ செயலியில் விண்டோஸ் 7 ஓடும் பழைய பெட்டி. பத்திரிகைகளை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் அதில் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது, மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்; இப்போது இளையவள் கல்லூரிக்குக் கொண்டுபோகிறாள். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது உண்டு. லினக்ஸ் என்று நான் சொன்னதும் அக்காவுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது: "அந்த இன்னொண்ணா? அதைப் பொண்ணு திறந்தே பார்த்ததில்லையே."

பிரிண்டர் இரண்டு. கறுப்பு வெள்ளைக்குச் சிறிய லேசர், கலருக்கு மை ஊற்றும் டேங்க் வகை.

கோப்புகளின் பாதுகாப்பைப் பொறுத்தவரை அக்கா என்னைவிடக் கெட்டி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடையின் தகரம் பறந்து, அப்போதிருந்த கணினி முழுவதும் நனைந்து போனதாம். அன்றிலிருந்து எல்லாக் கோப்புக்கும் இன்னொரு பிரதி வீட்டில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் உண்டு. ஞாயிறுதோறும் அவரே எடுத்துவிடுவார்.

எந்த வழங்கல்?

லினக்ஸைப் பலரும் பல விதமாகத் தொகுத்து வெளியிடுகிறார்கள்; அப்படி ஒரு தொகுப்புதான் வழங்கல். எதை எடுப்பது என்பதில் இரண்டு வாரம் போனது. ஃபெடோரா நல்ல வழங்கல். ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. ஆண்டுக்கொரு முறை பெரிய மேம்படுத்தல் என்பது இந்தக் கடைக்கு ஒத்துவராது. ஆர்ச் மாதிரி நாள்தோறும் மாறிக்கொண்டே இருப்பவை பற்றி யோசிக்கவே இல்லை. உபுண்டு 24.04 ஐந்தாண்டு ஆதரவுள்ளதுதான். ஆனால் க்னோம் எனும் அதன் திரை அமைப்பு 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். விண்டோஸ் பழகியவருக்கு மெனுவைத் தேடுவதே வேலையாகிவிடும். மிச்சம் இருந்தவை டெபியன் 13, லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான திரை அமைப்பு) பதிப்பு.

என் மனம் டெபியன் பக்கம். அது என் சொந்தக் கணினியில் இருப்பது என்பதைத் தவிர உருப்படியான காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. மின்ட்டின் பக்கம் காரணங்கள் இருந்தன. மெனு கீழே இடது மூலையில், அவர் கை போகிற இடத்தில் இருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிப்ட் கூடவே வருகிறது. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது என்பதால் 2029 வரை ஆதரவு. கடைக்கு மின்ட், லேப்டாப்புக்கு டெபியன் என்று பிரித்தேன். லேப்டாப் விஷயத்தில் நான் என் ஆசையைத்தான் தீர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு. பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்தோம். திரை, ஒலி, வைஃபை எல்லாம் சரி. லேசர் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்தேன், வந்தது. கலரும் வந்தது. ஒரே ஒரு இடைஞ்சல்: விண்டோஸ் இருந்த டிஸ்க்கைத் திறந்தால் படிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறங்கிய நிலையில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸுக்குள் போய் அதை நிறுத்திவிட்டு அணைத்ததும் சரியானது.

அன்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு வரி தமிழ் அடிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நிறுவிய நாள்

நவம்பர் 16, அடுத்த ஞாயிறு. புதிதாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, பழைய மார்க்கெட்டில் வாங்கிய 4 ஜிபி ரேம். கடற்காற்று ஊர் என்பதால் ரேமைக் கழற்றியபோது அதன் உலோகப் பற்களில் கறை படிந்திருந்தது. பையன் அழிரப்பரால் தேய்த்துப் போட்டான்.

இங்கே எடுத்த முடிவு ஒன்றைச் சற்று விளக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை, பிரித்துப் பாதி எடுக்கவும் இல்லை. கேபிளையே கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் மட்டும் நிறுவினேன். இரண்டு காரணங்கள். நிறுவும்போது தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து எல்லாம் போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றி வைத்த டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. மறுநாள் திங்கட்கிழமை என்பது இன்னொன்று. ஏதாவது சிக்கல் வந்தால் கேபிளை மாட்டி, கணினி எழும்போது எஃப்12 தட்டிப் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸிலேயே கடையை ஓட்டலாம்.

மழை காலையிலிருந்தே விட்டுவிட்டுப் பெய்தது. மூன்று மணி வாக்கில், நிறுவல் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. "அது பேட்டரி போயி தீபாவளிக்கு முன்னாடியே ஆச்சு சார்" என்றான் பையன், நிதானமாக. கரண்ட் வர ஒன்றரை மணி நேரம். முதலிலிருந்து நிறுவினோம். டிஸ்க் வெறுமையாக இருந்ததால் நேரம் தவிர வேறு நஷ்டம் இல்லை.

ஆனால் அந்த நேரம்தான் பிறகு இடித்தது. முடிக்கும்போது ஏழரை மணி ஆகிவிட்டது. பிரிண்டர்? போன வாரம்தான் அடித்துப் பார்த்தோமே. தமிழ் உள்ளீடு? தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ் மென்பொருள், அதற்கு விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பு இரண்டையும் போட்டு, தட்டச்சுப் பலகையைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். நான் தமிழ்99 என்ற இன்னொரு விசைப்பலகை முறையில் அடிக்கிற ஆள். அக்காவின் தட்டச்சுப் பொறி முறை எனக்குத் தெரியாது. ஓர் எழுத்து வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். பழைய டிஸ்க்கை மாட்டினோம், வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை

காலை எட்டு மணிக்கு ஃபோன். லேசர் பிரிண்டர் அடிக்கவில்லை. வரிசையில் ஆறு பேர்.

காரணம் அன்று மாலைதான் பிடிபட்டது. இந்த வகைச் சிறிய லேசர் பிரிண்டர்களில் சிலவற்றுக்கு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் பிரிண்டருக்குள்ளே நிரந்தரமாக இருக்காது. ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். நவம்பர் 9-ஆம் தேதி நாங்கள் பென்டிரைவிலிருந்து ஓட்டிச் சோதித்தபோது, காலையில் ஓடிய விண்டோஸ் அதை ஏற்கெனவே அனுப்பி வைத்திருந்தது. பிரிண்டரை அணைக்காமல் கணினியை மட்டும் மின்ட்டுக்கு மாற்றியதால் வேலை செய்தது. அதாவது, நான் சோதித்ததாக நினைத்தது லினக்ஸை, உண்மையில் சோதித்தது விண்டோஸ் விட்டுப்போன மிச்சத்தை. அந்த ஃபர்ம்வேர் கோப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டால் பிரிண்டரைப் போட்டதும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். வேலை இருபது நிமிடம்.

காலையில் அந்த இருபது நிமிடம் இல்லை. எஃப்12 தட்டி விண்டோஸுக்குப் போகச் சொன்னேன். போனார். மனுக்கள் அடித்தார். பிறகு மறுபடி ஃபோன்: "தம்பி, மணி ஒன்பதே முக்கால், இதுல 4.15 காட்டுது." ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதும் புரிந்துவிட்டது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேரம் இடிக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்து நிறுவியதால், பக்கத்தில் விண்டோஸ் இருப்பது நிறுவும் மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். அன்று அவர் கையால் மணியைத் திருத்திக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

விரல்கள்

செவ்வாய் மாலை முதன்முறையாக அக்கா மின்ட்டில் தமிழ் அடிக்க உட்கார்ந்தார். இடது கை விரல்கள் ய, ள, ன, க மேல் போய் அமர்ந்தன. திரையையோ விசைப்பலகையையோ பார்க்காமல், கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே அடிப்பவர். இரண்டு வரி ஓடியது. பிறகு நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

பிழைகள் இரண்டு வகை. தட்டச்சுப் பொறியில் "கெ" அடிக்கக் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு க அடிப்பார்கள், காகிதத்தில் இடமிருந்து வலமாகத் தெரிகிறபடி. இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் வைப்பு முறை வேறு: க முதலில், கொம்பு அதன் பின்னால். விரலின் வரிசையை யூனிகோடின் வரிசையாக மாற்றுவது நடுவில் இருக்கும் உள்ளீட்டு மென்பொருளின் வேலை. இதற்கு முன் அவர் வைத்திருந்த மென்பொருள் ஒரு விதமாகச் செய்தது, இது வேறு விதமாக எதிர்பார்த்தது. இரண்டாவது, நிறுத்தற்குறிகள் சில அவர் பழகிய விசைகளில் இல்லை.

"தமிழ்99 கற்றுக்கொள்ளுங்களேன் அக்கா, ஒரு வாரம்தான்" என்றேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை, எளிமையானது, எல்லாம் உண்மைதான். அவர் சொன்ன பதில்: "நீங்க நடக்குற காலை மாத்திக்கச் சொல்றீங்க தம்பி." அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

எம்17என் தொகுப்பில் ஒவ்வொரு விசைப்பலகையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாக இருக்கும். அதை நகலெடுத்துப் பயனரின் கோப்புறையில் வைத்தால் நம் விருப்பப்படி திருத்தலாம். இரண்டு மாலை. அவர் அடிப்பார், தப்பு வரும் இடத்தைச் சொல்வார், நான் அந்த வரியைத் திருத்துவேன், ஐபஸை மறுபடி ஓட்டுவோம். ஏறக்குறைய முப்பது வரி மாற்றியிருப்பேன். இந்த மொத்தக் காரியத்திலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான் என்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் இருந்த மென்பொருளில் ஒரு விசை பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே மாற்ற முடிந்தது. மூன்றாம் நாள் ஒரு பக்க மனுவை நிமிர்ந்து பார்க்காமல் அடித்தார்.

குணபதி

பழைய கோப்புகள் வேறு கதை. பத்து வருட ஆவணங்களில் பெரும்பாலானவை யூனிகோடில் இல்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் இருந்தன. அவற்றில் கணினி அறிந்தது வெறும் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். அதனால் எழுத்துருக் கோப்புகளை எடுத்து மின்ட்டில் போட்டதும், அங்கே வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிபரே ஆபீஸில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை, பழைய வரவேற்பு மடல் ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றிப் புதிதாக அடித்தான் பையன். அச்சில் வந்தபோது கணபதி, குணபதி ஆகியிருந்தார். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி லிபரே ஆபீஸில் இயல்பாகவே இயங்கும். பாமினியில் சிறிய எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. ஆங்கிலத்துக்குச் செய்யும் உபகாரம் இங்கே பெயரையே மாற்றிவிட்டது.

வேர்டிலும் இதே வசதி உண்டே, அங்கே ஏன் வரவில்லை என்று யோசித்தேன். அக்காவுக்குத்தான் நினைவு வந்தது: இந்தக் கணினி வாங்கிய வருடம் யாரோ ஒருவர் வந்து "ஏதோ ஒரு டிக்கை எடுத்துவிட்டுப் போனார்." அன்றோடு அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மாற்ற வந்தது ஓர் இயங்குதளத்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது, பத்து வருடமாக யார் யாரோ எடுத்த டிக்குகள், போட்ட டிக்குகள். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த வழங்கலை எடுத்திருந்தாலும் இவை வந்திருக்காது.

பேஜ்மேக்கர் பெட்டி

இதை மாற்றவில்லை. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி லிபரே ஆபீஸில் 4.4 பதிப்பிலிருந்தே, அதாவது 2015-இலிருந்து இருக்கிறது. ஐந்து பத்திரிகைகளைத் திறந்து பார்த்தோம். ஒன்று தேறியது, நான்கில் பெட்டிகள் இடம் மாறிக் கிடந்தன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது. அதனால் அந்தப் பெட்டியின் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டோம். வெளியிலிருந்து வரும் பென்டிரைவை மின்ட்டில்தான் முதலில் செருக வேண்டும், தேவையான கோப்பை மட்டும் கடையின் பென்டிரைவில் எடுத்துப் போக வேண்டும் என்று ஏற்பாடு. புதிய பத்திரிகைகளைப் பையன் ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடில் செய்யப் பழகுகிறான். முந்தைய 1.4 வரிசையில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்காது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப்

தோல்வி. டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ, எல்லாம் அழகாக ஓடியது. மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணுக்கு ஓர் இணையவழித் தேர்வு. அதற்கான கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடக்கூடியது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது. இரவோடு இரவாக விண்டோஸ் 10-ஐத் திரும்பப் போட்டேன். உரிமச் சாவி லேப்டாப்பின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்ததால் கேட்காமலே ஏற்றுக்கொண்டது. அவளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வேலையே இல்லை. அம்மாவிடம் கேட்டு, மகளின் லேப்டாப்பை மாற்றியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து

டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு ஐ3 கணினியில் யாரும் எஃப்12 தட்டவில்லை. பொங்கலுக்குப் பின் பழைய டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி, வீட்டு அலமாரிக்கு அனுப்பினோம். எஸ்எஸ்டி, ரேம், யு.பி.எஸ். பேட்டரி எல்லாம் சேர்த்து ஆன செலவு 4,300 ரூபாய். கணினி எழும்ப முன்பு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். இப்போது அரை நிமிடம். அதில் எஸ்எஸ்டிக்குத்தான் பெரும்பங்கு, லினக்ஸுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே தெருவில் இன்னொரு கடையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை பென்டிரைவ் எடுத்துப் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை முழுவதும் அங்கே ஓரமாக உட்கார்ந்து, யார் எந்த விசையைத் தட்டுகிறார்கள், எந்தப் பிரிண்டருக்கு எது போகிறது, எந்தக் கோப்பை எதில் திறக்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். பிரிண்டரை அணைத்துப் போட்டுத்தான் சோதிப்பது, யு.பி.எஸ்.ஸைப் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை நிறுவுவதில்லை என்று மூன்றும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. எந்த வழங்கல் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்காவின் கடையில் பாக்கி இருப்பது பேஜ்மேக்கர் பெட்டி. அதன் ஃபேன் சத்தம் ஜனவரியிலிருந்து கூடிக்கொண்டே போகிறது. பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி வைக்கும் வேலையைப் பையன் மதிய நேரத்தில் செய்கிறான். 2016 வரை வந்திருக்கிறான்.